தீட்டும் தொற்றும்

(மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வக நுட்பநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எய்ட்ஸ் விழிப்புணர்வு பற்றிப் பேசணும்னு சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் அதைப் பேசப் போறதில்லை. அதைப் பேச அரசாங்கத்துக்குத் துறை இருக்கு, பணம் இருக்கு, சுவரொட்டி இருக்கு. 1986இல் சென்னையில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து பாலியல் தொழிலாளி, லாரி ஓட்டுநர், கூலிக்கு ஊர்விட்டு ஊர் போறவன் என்று விரல் நீட்டி விரல் நீட்டி 'ஆபத்தான கூட்டம்' எதுவென்று நமக்குக் காட்டினார்கள். அந்த விரல் மருத்துவமனைக்கு உள்ளேயே பக்கெட்டும் துடைப்பமுமா நிற்கிற ஆயாவின் கையைக் காட்டியதில்லை. நான் பேச வந்தது அந்தக் கையைப் பற்றி.

ஓர் ஊசி போகிற வழியைப் பாருங்கள். மருத்துவர் சீட்டில் எழுதுகிறார். செவிலியர் மருந்தை ஏற்றிப் போடுகிறார். நான் ஆய்வகத்தில் அதே மாதிரி ஊசியால் ரத்தம் எடுக்கிறேன். எங்க மூணு பேருக்கும் அது யாருடைய உடம்பில் ஏறிய ஊசி என்று தெரியும். போட்டு முடித்தவுடனே, போட்டவரே, போட்ட இடத்திலேயே ஊசியை வெட்டிக் குத்துப்படாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். இது விதி. ஆனால் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருகிற நாளிலும், புதன்கிழமை தடுப்பூசி நாளிலும் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். ஊசி தட்டிலேயே கிடக்கும். பஞ்சுக்கு அடியில் போகும். பிரசவ அறையில் தையல் போட்ட ஊசி ரத்தம் ஊறின துணிக்குள்ளே சுருண்டு கிடக்கும். அதையெல்லாம் வாரி எடுக்கிறது யார்? ஆயா. பைக்குள் அமுக்கிக் கட்டுகிறது யார்? துப்புரவுப் பணியாளர். அந்தப் பையை வேனில் தூக்கிப் போடுகிறது யார்? தினக்கூலிப் பையன். ஊசி கீழே இறங்க இறங்க அதைப் பற்றிய தகவல் குறைஞ்சுகிட்டே போகுது. ஆபத்து மட்டும் குறையறதில்லை. கடைசியில் இருக்கிறவருக்கு அது யார் ரத்தம், எப்போது குத்தியது, எதுவுமே தெரியாது.

ரத்தத்தின் வழியாக வருகிற கிருமிகளில் நமக்கு முக்கியமானவை மூன்று. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாரும் பயப்படுவது மூன்றாவதுக்கு. ஆனால் கணக்கு வேற மாதிரி. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைட்டிஸ் சி என்றால் நூற்றுக்கு இரண்டு அளவு அல்லது அதற்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு, நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை. உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும். இந்தியாவில் 2022இல் ஏறக்குறைய 3 கோடிப் பேரிடம் ஹெபடைட்டிஸ் பி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

இதே நிறுவனம் 2002இல் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் அன்றைக்கு மூன்றரைக் கோடி சுகாதாரப் பணியாளர்கள். அவர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்குக் கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசியோ கத்தியோ குத்துகிறது. அதனால் நோய்த்தொற்றுக்கு ஆளாகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறவர்கள். அந்த முப்பது லட்சத்தில் நம்ம ஆயாக்களை யாராவது எண்ணியிருப்பாங்களான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அவங்க பேரு வருகைப் பதிவேட்டிலேயே சரியா இருக்காது. காயம்பட்டவர் பட்டியலில் எப்படி வரும்?

இந்த இடத்தில் நாம் ரெண்டு சொல்லைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு தீட்டு. இன்னொண்ணு தொற்று. தீட்டு என்பது பிறப்பால் வருவதாகச் சொல்லப்படுகிறது. அது ஆளைப் பார்க்கும். தொற்று ரத்தத்தால் வருவது. அது புண்ணைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. பிள்ளைப்பேற்று ரத்தத்தைத் தீட்டு என்று சொன்ன சமூகம், அந்த ரத்தத்தைத் தொடுவதற்கென்று சில சாதிப் பெண்களை ஒதுக்கி வைத்தது. தொப்புள்கொடி அறுக்க, நஞ்சுக்கொடி புதைக்க, தீட்டுத்துணி துவைக்க மருத்துவச்சியும் வண்ணாத்தியும் பறைச்சியும் சக்கிலிச்சியும் வேணும். அவர்கள் கை பட்டுத்தான் ஊரே பிறந்தது. பிறந்த பிறகு அவர்கள் கை பட்டால் தீட்டு. இன்றைக்குப் பிரசவம் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டது. தாய் சாவு குறைந்தது, பிள்ளைச் சாவு குறைந்தது. நல்ல மாற்றம், நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த ரத்தத்தைத் துடைக்கிற கை மாறியிருக்கா? பிரசவ அறையைக் கழுவிவிடுகிற அக்காவிடம் எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருத்தர்மேல் ஒருத்தராக அடுக்கி வைத்திருக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்ததால் அந்த அடுக்கு கலைந்துவிடவில்லை.

எய்ட்ஸ் பரவிய காலத்தில், 1987இல், அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் ஒரு விதி வகுத்தது. யாருக்கு நோய் இருக்கு, யாருக்கு இல்லைன்னு தேடாதே. எல்லார் ரத்தத்தையும் கிருமி உள்ளதாகவே நினைத்துக் கையாளு. கையுறை எல்லாருக்கும் போடு, ஊசியை எப்போதும் ஒரே மாதிரி அப்புறப்படுத்து. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க! ஆளைப் பார்க்காதே, வேலையைப் பார் என்கிற விதி. எல்லா ரத்தமும் ஒன்று என்கிற விதி. தீண்டாமைக்கு நேர் எதிரான மருத்துவம் இது.

இங்கே அது தலைகீழா நடக்குது. நோயாளிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் சீட்டில் சிவப்பு மையில் குறி போடுகிற பழக்கம் இருந்தது. கட்டிலை ஓரமாகத் தள்ளுவார்கள். அன்றைக்கு மட்டும் ரெண்டு கையுறை. அந்தக் கட்டிலைத் துடைக்க ஆயாவைத் தனியாக அனுப்புவார்கள், அவளுக்கு ஒரு கையுறைகூட இருக்காது. மற்ற நாளில், மற்ற நோயாளியிடம், யாருக்கும் ஒன்றும் இல்லை. அதாவது தொற்றைத் தடுக்க வந்த கையுறையைத் தீட்டுக்காகப் போடுகிறார்கள். நோயாளியும் ஒதுக்கப்படுகிறார், துடைக்கிறவரும் பாதுகாப்பில்லாமல் விடப்படுகிறார். தோழர்களே, நமக்கு நோயாளி எதிரி இல்லை. அந்தக் கட்டிலில் கிடக்கிற பெண்ணும் நம்ம தெருதான்.

என் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். இடம் வேண்டாம், பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயது அக்கா. ஒப்பந்தக்காரர் மூலமாக வேலைக்கு வந்தவர். ஒருநாள் ஆய்வக வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். "தம்பி, ஒரு ரத்தம் பார்க்கணும், யார்ட்டயும் சொல்லாத" என்றார். பை கட்டும்போது உள்ளங்கையில் ஊசி ஏறி நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். "டெட்டால் போட்டுக் கழுவு, பார்த்து வேலை செய்யத் தெரியாதா" என்று பதில். "ஏங்க்கா அப்பவே எங்கிட்ட வரல?" என்று கேட்டேன். "லீவு போட்டா கூலி போயிடும், பிரச்சினை பண்றேன்னு ஆளை மாத்திடுவாங்க, அதும் இல்லாம எய்ட்ஸ் ஊசி குத்திடுச்சுன்னு தெருவுல பேசினா எம் பொண்ணுக்கு மாப்ள கிடைக்குமா" என்றார். மூணு பயம். கூலி, வேலை, மானம். உயிர் பயம் நாலாவதாத்தான் வந்தது.

நாலு நாள் என்றால் என்ன தெரியுமா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை ஊசி குத்தின ரெண்டு மணி நேரத்துக்குள்ளே ஆரம்பிச்சா நல்லது. கடைசி எல்லை 72 மணி நேரம். பிறகு 28 நாள் விடாமல் சாப்பிடணும். அந்த அக்காவுக்கு அந்தக் கதவு மூடியாச்சு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சத்து ஊசியும் தடுப்பூசியும் கூடிய வரைக்கும் 24 மணி நேரத்துக்குள்ளே போடணும். அந்த 24 மணி நேரமும் தாண்டியாச்சு. அந்த நிலையத்தில் ஊசிக்குத்துப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருந்தது. புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. பல வருஷமா அங்கே யாருக்கும் ஊசியே குத்தலை!

அவருக்கு ரத்தம் பார்த்தோம். நல்லவேளை ஒன்றும் வரவில்லை. அதை நல்லவேளை என்றுதான் சொல்லணும், பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஹெபடைட்டிஸ் பி உடனே தலைகாட்டாது. ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை உள்ளே இருந்துவிட்டுப் பிறகு காமாலையாக வரும். அதற்குள் ஒப்பந்தம் மாறியிருக்கும், வேலை போயிருக்கும். கீழாநெல்லி அரைத்துக் குடிப்பார்கள். 'குடிச்ச தண்ணி சரியில்லை' என்பார்கள். சிலருக்குக் கிருமி உடம்பிலேயே தங்கி, பத்து இருபது வருஷம் கழித்து ஈரல் சுருங்கும் அல்லது புற்றுநோய் வரும். அன்றைக்கு அந்தச் சாவை எந்த ஊசியோடு யார் முடிச்சுப் போடுவது? அதனால்தான் சொல்கிறேன், பதிவேட்டில் ஏறாத காயம் காயமே இல்லை என்றாகிவிடுகிறது.

இத்தனைக்கும் இந்த நோய்க்குத் தடுப்பூசி 1980களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1997இல் ஐதராபாத்திலேயே தயாரித்து விலை மலிந்தது. மூன்று தவணை. முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். 2011இல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் பிறந்து இன்றைக்கு நாற்பது வயதில் துடைப்பம் பிடிக்கிற பெண்ணுக்கு யாரும் குழந்தையில் போடவில்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்கிற மாணவருக்குப் பல இடங்களில் முதல் வருஷமே போட்டுவிடுகிறார்கள். சரிதான், போடணும். அவர் தொட்டுப் போட்ட ஊசியைப் பொறுக்குகிறவருக்கு?

ஒரு செவிலியர் தோழி என்னிடம் சண்டை போட்டார். "எங்களுக்குத்தான் அதிகம் குத்துது, இதுல எதுக்குச் சாதியைக் கொண்டு வர்றீங்க?" நியாயமான கேள்வி. செவிலியருக்கு நிறையக் குத்துகிறது, உண்மை. தொகுப்பூதியத்தில் இரவு முழுக்க ஒற்றை ஆளாக நிற்கிற செவிலியரும் கிராம சுகாதார செவிலியரும் நம்மவர்கள்தான், அவர்களிலும் தலித் பெண்கள் ஏராளம். ஆனால் குத்தும்போது ஊசி சாதி பார்ப்பதில்லை. குத்தின பிறகு நடக்கிற ஒவ்வொன்றிலும் சாதி இருக்கிறது. யார் சொன்னால் நம்புகிறார்கள், யாருக்கு வண்டி வருகிறது, யாருக்கு மருந்து கிடைக்கிறது, யாரை 'பார்த்து வேலை செய்யத் தெரியாதா' என்று திட்டுகிறார்கள். அங்கேதான் இருக்கு.

சட்டம் இல்லையா? இருக்கு. 2016இல் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன: கழிவைக் கையாளுகிற எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடணும். வேலைக்குச் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனை. கையுறை, காலணி, முகமூடி தரணும். ஊசிக்கு வெள்ளை டப்பா, அதுவும் குத்துப்படாத டப்பா. ஆனால் அதே விதிகளில் 'பெரும் விபத்து' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கு, கேளுங்க. கழிவு ஏற்றிய லாரி கவிழ்ந்தால் பெரும் விபத்து. கழிவு குளத்தில் கலந்தால் பெரும் விபத்து. 24 மணி நேரத்தில் எழுத்தில் தெரிவிக்கணும். ஊசி குத்தினால்? அது பெரும் விபத்து இல்லை என்று பேர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டறிக்கையில் ஒரு வரியாகச் சொன்னால் போதும். லாரிக்கு இருக்கிற மரியாதை ஆயாவின் கைக்கு இல்லை.

2017இன் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ரத்தம் படுகிற வேலை நடக்கிற இடத்தில் பாதுகாப்புக் கருவி, பயிற்சி, குத்தினால் தடுப்பு மருந்து, மூன்றையும் தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது. நோயாளியை ஒதுக்குவதையும் அது தடை செய்கிறது. இன்னும் பழசு ஒன்று இருந்தது. 1923இன் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், மூன்றாம் அட்டவணையில் முதல் வரிசையிலேயே, மருத்துவ வேலையிலும் ஆய்வக வேலையிலும் பிடிக்கிற தொற்றுநோயைத் தொழில்சார் நோய் என்று எழுதி வைத்தது. வேலையால் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. இடையில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும் முதன்மை வேலையளிப்பவர் தப்ப முடியாது. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த நோய்ப் பட்டியலை எடுத்துக்கொண்டது. ஆனால் வழக்குக்குப் போனால் முதல் கேள்வி என்ன? "என்றைக்குக் குத்தியது, எங்கே எழுதியிருக்கிறது?" திரும்பவும் அந்த வெற்று நோட்டுக்குத்தான் வருகிறோம்.

"ஒப்பந்தத் தொழிலாளிக்கு எப்படி எங்களால் செய்ய முடியும்" என்கிறார்கள். முடியும். 2020இல் கொரோனா வந்தபோது, நோயாளியைக் கவனித்து இறந்துபோகிற சுகாதாரப் பணியாளருக்கு ஐம்பது லட்சம் காப்பீடு என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அதில் ஒப்பந்தத் தொழிலாளியையும் தினக்கூலியையும் சேர்த்தார்கள். காற்றில் வருகிற நோய் எல்லாருடைய மூக்குக்கும் வந்ததால் அன்றைக்கு முடிந்தது. ரத்தத்தில் வருகிற நோய் துடைப்பத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் முடியவில்லை. 'துப்புரவு' என்பதை 'தூய்மை' என்று மாற்றி மாலை போட்டார்கள். மாலை வேண்டாம், மூன்று தவணை ஊசி போடுங்கள்.

நம் இயக்கங்களுக்கும் ஒன்று சொல்லணும். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராகப் போராடி 1993லும் 2013லும் சட்டம் கொண்டு வந்தோம். அந்தச் சட்டங்களுக்குள் மலமும் சாக்கடையும் வரும், ரத்தம் வராது. ஆஸ்பத்திரி வேலை என்றால் சீருடை இருக்கு, மின்விசிறி இருக்கு, கொஞ்சம் உயர்ந்த வேலை என்று நாமே நினைத்துவிட்டோம். அந்த நினைப்பை மாற்றணும். இன்னொன்று, ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று நம் மக்களே அடம்பிடிப்பது. இந்தியாவில் ஆண்டுக்கு 300 கோடி ஊசி போடப்படுவதாகவும் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பாதுகாப்பற்றது என்றும் 2000களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு சொன்னது. மாத்திரையில் தீருகிற காய்ச்சலுக்கு நாம் கேட்டு வாங்குகிற ஒவ்வொரு ஊசியும் ஓர் ஆயாவின் கைக்கு அருகே போய்த்தான் விழுகிறது.

மாணவத் தோழர்கள் நாளைக்கே செய்யக்கூடிய வேலையைச் சொல்லி முடிக்கிறேன்.

1. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். துப்புரவுப் பணியாளரிடம் கேளுங்கள்: ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாங்களா, மூன்று தவணையும் முடிந்ததா? மெல்லிய கையுறை ஊசியைத் தடுக்காது. கனமான ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் தந்தாங்களா?

2. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். போன ஆண்டு எத்தனை ஊசிக்குத்து பதிவானது? படிவம் 4 ஆண்டறிக்கையில் விபத்து என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்? ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டீர்கள்? 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால், பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். சொல்ல முடியாத நிலை இருக்கு என்று அர்த்தம்.

3. ஊசி குத்தினால் என்ன செய்வது என்று தெருத் தெருவாகச் சொல்லுங்கள். விரலை வாயில் வைக்கக் கூடாது. பிதுக்கக் கூடாது. ஸ்பிரிட், பிளீச்சிங் ஊற்றக் கூடாது. ஓடுகிற தண்ணியில் சோப்பு போட்டுக் கழுவணும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணியால் நன்றாக அலசணும். உடனே மருத்துவரிடம் சொல்லணும், நோட்டில் எழுதச் சொல்லணும். எழுத மறுத்தால் வெள்ளைத் தாளில் நாமே எழுதி, தேதி போட்டு, ஒரு நகலில் கையெழுத்து வாங்கணும். அன்றைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகணும். மருந்து இலவசம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதைக் குணமாக்கும் மாத்திரையும் இலவசம்.

4. சங்கங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை: ஊசி குத்திய நாளுக்கும் மையத்துக்குப் போகிற நாளுக்கும் கூலி பிடிக்கக் கூடாது. போக வர நிலையமே வண்டி தரணும். சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. பயிற்சி தமிழில், பணியாளருக்கு நேராக நடக்கணும். மருத்துவர் அறையில் இங்கிலீஷில் தொங்குகிற அட்டை பயிற்சி ஆகாது.

5. போட்ட ஊசியைப் போட்டவரே வெட்டி டப்பாவில் போடணும். இதை ஒவ்வொரு செவிலியரும் மருத்துவரும் ஆய்வக நுட்பநரும் தன் கடமையாக எடுத்துக்கொள்ளணும். அடுத்தவள் பொறுக்கிக்கொள்வாள் என்று தட்டில் வைத்துவிட்டுப் போகிறது மறதி இல்லை. அதுக்குப் பேர் சாதி.

புதுச் சட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. இருக்கிற நோட்டில் அந்த அக்காவின் பெயரை எழுதச் சொல்கிறோம். ஒரு நிலையத்தில், ஒரு பக்கத்தில், ஒரு பெயர் ஏறட்டும். அடுத்த பெயர் தானாக வரும்.

ஜெய்பீம்!